வடக்கே ஒரு வீடு

"இங்க குடி வந்துடாதே. பிள்ளைகுட்டிக்காரி, சொன்னாக் கேளு!"

வேலிக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த ரஷ்யக்கார அம்மாள், நாலு பிள்ளைகள் என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்து சொன்ன முதல் வார்த்தையே இதுதான். அதுவும் நல்ல கசாக் மொழியில்.

மக்பாலுக்குச் சுருக்கென்றது.

தெற்கே ஷிம்கெந்த் நகரத்தில் மாமியார் வீட்டில் இரண்டே அறையில் மூன்று குடும்பம். மக்பாலின் நாலு பிள்ளைகளும் அடுப்படியில்தான் படுப்பார்கள். வடக்கே குடிபோகிறவர்களுக்கு அரசாங்கம் வீடு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக ரயிலேறி வீடு பார்க்க வந்திருந்தார்கள். வந்த இடத்தில் இப்படி ஒரு வரவேற்பு.

"நினா அக்கா சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்க," என்று ஊர்த் தலைவர் கைரொல்லா சிரித்துச் சமாளித்தார். "நீ வீட்டைப் பாரும்மா. மூணு ரூம், பின்னால மாட்டுக்கொட்டகை. மே மாசத்துல இந்த ஊரைப் பார்த்துட்டு வேணாம்னு சொன்னவங்க இல்ல."

"ஜனவரி மாசத்துல பார்த்துட்டுத் தங்கினவங்களும் இல்ல!" என்று வேலிப் பக்கமிருந்து பதில் வந்தது.

மக்பாலின் புருஷன் தல்கத் பணிவாகக் கேட்டான்: "குளிர் ரொம்பவா அக்கா?"

"மைனஸ் நாப்பது. அதைக்கூடத் தாங்கிக்கலாம்பா. இந்தக் காத்து இருக்கே, தடுக்க ஒரு மேடு கிடையாது. வட துருவத்துல கிளம்பினா நேரா உன் வாசல்லதான் வந்து நிக்கும். காலையில கதவைத் திறக்க முடியாது, பனி மூடியிருக்கும். ஜன்னல் வழியா குதிச்சு வந்துதான் வெட்டணும்."

"அதெல்லாம் எப்பவாவது ஒரு தடவை..." என்று இழுத்தார் தலைவர்.

"வருஷா வருஷம், கைரொல்லா." அவரை அத்தோடு விட்டுவிட்டு நினா மக்பாலிடம் திரும்பினாள். "உன் கடைக்குட்டிக்கு என்ன வயசு?"

"ஆறு."

"சளி பிடிக்குமா?"

"எந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது?"

"இங்க டாக்டர் கிடையாது. டவுனுக்குத்தான் ஓடணும். புயல் அடிச்சா டவுனுக்கு ரோடும் கிடையாது. நிலக்கரியை ஆகஸ்ட்லயே வாங்கிப் போட்டாகணும். குளிர் வந்தப்புறம் தேடினா ஒரு மூட்டை கிடைக்காது. இதெல்லாம் தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஆனால் அதை இவளிடம் ஒத்துக்கொள்ள மக்பாலுக்கு மனசு வரவில்லை.

"பள்ளிக்கூடம் இருக்குல்ல?" என்றாள் வீம்பாக.

"அருமையான பள்ளிக்கூடம்!" தலைவர் முந்திக்கொண்டார். "நடந்தே போயிடலாம்."

"ஒரே ரூம். பெரிசும் சிறிசும் ஒண்ணாத்தான் உக்காரணும்," என்றாள் நினா. "டீச்சர் ஒருத்தி இருக்கா, சரியான சிடுமூஞ்சி. உங்க ஊர்ல இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நூறு இருக்கும்."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நினா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

மக்பாலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்களைப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்களேன் அக்கா. தெக்கத்திக்காரங்க வந்து உங்க வேலிக்குப் பக்கத்துல உக்காரக் கூடாது, அதானே?"

நினா குனிந்து மறுபடி மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள்.

தலைவர் எவ்வளவோ கூப்பிட்டும் டீ குடிக்கக்கூட மக்பால் உட்காரவில்லை. வந்த வாடகைக் காரிலேயே ஏறிவிட்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும், "பக்கத்து வீடே இப்படின்னா பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எப்படிங்க குடும்பம் நடத்துறது?" என்று பொருமினாள்.

டிரைவர் ஸாபித் அந்த ஊர்க்காரர். அதுவரை பேசாமல் வந்தவர் தொண்டையைச் செருமினார்.

"மனசுல வெச்சுக்காதே தங்கச்சி. அக்காவுக்கு உங்க மேல கோபமெல்லாம் இல்ல. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க குறைஞ்சு போச்சு. உங்க பிள்ளைங்க நாலு பேரும் சேர்ந்தா பள்ளிக்கூடம் நிலைக்கும். இல்லேன்னா செப்டம்பர்ல இழுத்து மூடிடுவாங்க."

"மூடினா அவங்களுக்கென்ன?"

"அவங்கதானேம்மா அந்த டீச்சர்."

மக்பாலும் தல்கத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன வருஷம் தலைவர் பேச்சை நம்பி ஒரு குடும்பம் வந்துச்சு," என்றார் ஸாபித். "நடுக் குளிர்ல சின்னதுக்கு நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குது. ரோடு மூடிருச்சு. பனி தள்ளுற டிராக்டர் வர்ற வரைக்கும் அக்காதான் மடியிலயே வெச்சிருந்தாங்க. பிழைச்சது ஆண்டவன் புண்ணியம். அன்னியிலேருந்து வீடு பார்க்க யார் வந்தாலும் அக்கா இப்படித்தான். பள்ளிக்கூடம் போனாப் போகட்டும், தெரியாம வந்து ஒரு பிள்ளை கஷ்டப்படக் கூடாதும்பாங்க."

கார் புல்வெளி நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மக்பால் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நம்ம கடைக்குட்டிக்குச் சளி பிடிக்குமான்னு நம்ம ஊர்ல எந்த டீச்சராவது கேட்டிருக்காங்களா?"

தல்கத் தலையை ஆட்டினான், இல்லையென்று.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க."

"ஏன், எதையாவது மறந்துட்டியா?" என்றான் தல்கத்.

"ஆமா," என்றாள் மக்பால், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "டீச்சர்கிட்ட பிள்ளைங்க பேரைக் குடுக்காமலே வந்துட்டேன்."