விரலில் ஒட்டிய நீலம்

என் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும்வரை என்னை வருடக்கணக்கில் உறங்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு நாள் விழிக்கலாம். நீலக்குறிஞ்சி பூக்கும்போது எழுப்பச் சொல்லியிருந்தேன்.

கண் திறந்தபோது மூடுபனிக்குள் கொடைக்கானல் சரிவு முழுக்க நீலம் மிதந்துகொண்டிருந்தது. என் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த கணவர் துரைராசு, தலை நரைத்து, மூச்சு வாங்க நின்றார்.

"பூத்துருச்சு, பாரு," என்றார்.

ஒரு கொத்தைத் தொட்டேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நீலக்குறிஞ்சி ஒட்டாது. இது அதன் தங்கை இனம். அக்காவுக்குச் சில வருடங்கள் முன்பே பூத்துவிடும். வனத்துறையில் குறிஞ்சிகளை இனம் பிரித்தே காலம் தள்ளியவருக்கு இது தெரியாதா?

அவர் பூவைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். அந்த மூச்சு இன்னும் சில வருடங்கள் தாங்காது.

"நீலக்குறிஞ்சியேதாங்க," என்றேன். ஒட்டும் விரல்களால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.