சிவப்புத் தாள்

மார்ச் 14. ஒரு சிறு பிழை: விளக்கில் நீலக் கண்ணாடித்தாளுக்குப் பதில் சிவப்பைச் சுற்றிவிட்டேன்.

மாலை வகுப்பில் செய்முறைத் தேர்வு. மேசைக்கு ஒரு நிறம், எங்களுக்கு நீலம். உடன் படிக்கும் தையற்கார அக்கா, சமையலறை ஜன்னலில் வளர்த்த நீந்தும் பச்சை நுண்பாசிக் குவளையை விளக்கின் முன் வைக்கிறாள். பாசி வெளிச்சத்தை நோக்கி நீந்தினால்தான் அவளுக்குத் தேர்ச்சி. இருட்டாக்கிய அறையில், அந்த ஒரு விளக்கின் முன் குவளை கறுத்து நிற்கிறது. எதுவும் நகரவில்லை. ஆசிரியர் விளக்கைக் கவனிக்காமல் குவளைக்குள் மட்டும் எட்டிப் பார்க்கிறார். “செத்துப்போச்சும்மா. வீட்ல பிள்ளைங்களாவது உயிரோட இருக்கா?” எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிக்கிறாள். “காலையில நல்லாத்தான் சார் இருந்துச்சு.” “கொட்டிட்டுக் கிளம்பு. அடுத்த வருஷம் பார்க்கலாம்.” கொட்டுவதற்கு முன் வழக்கப்படி அவள் பிளீச்சிங் தூளைக் கரைத்து ஊற்றுகிறாள், பச்சை மெல்ல வெளுக்கிறது. குவளையைக் கழுவி, கைக்குட்டையால் துடைத்து, கவிழ்த்துவிட்டுப் போகிறாள். அப்போதுதான் தாள் என் கண்ணில் படுகிறது. இந்தப் பாசிக்குச் சிவப்பு தெரியாது என்று போன வாரம்தான் படித்தோம். நீலத்தைச் சுற்றி, அவள் குவளையிலிருந்து நான் முன்பே சொட்டுக்குழாயில் எடுத்துவைத்த கொஞ்சத்தை அதன் முன் பிடிக்கிறேன். ஒளி விழும் பக்கமாகப் பச்சை திரண்டு வந்து ஒட்டுகிறது. “என்னப்பா, இன்னும் என்ன பண்றே?” என்கிறார் ஆசிரியர். “ஒண்ணுமில்ல சார்.” குழாயையும் கழுவி வைக்கிறேன்.

நாளை: நீலத் தாளையும் சிவப்புத் தாளையும் வேறு வேறு உறையில் போட வேண்டும்.