பூசணம் பூத்த சாட்சி

"அக்கா, ஜல்தியா எதாவது பண்ணுங்கக்கா! செத்துப்பூடுவேன் போலருக்குது!"

ஒரு ரெக்சின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தவனைக் கட்டிலில் உட்கார வைத்தாள் நர்ஸ் இருதயமேரி. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ். எந்தக் கேஸ் வந்தாலும் பதறமாட்டாள். ஆனால் அநியாயம் என்று பட்டுவிட்டால் லேசில் விடமாட்டாள். கொசுறாகக் கறிவேப்பிலை தராத கடைக்காரனிடம் அரை மணி நேரம் நின்று நியாயம் கேட்கிறவள்.

"பேரு என்ன? என்ன சாப்ட்ட?"

"பச்சைமுத்துங்க. முகையூரு. ரொட்டி தின்னேன்க்கா. மேல ரெண்டு துண்டு நல்லாத்தான் இருந்துச்சி. மூணாவதைத் தின்னுக்கினு இருக்கசொல்ல திருப்பிப் பாக்குறேன், பச்சைப்பசேல்னு பூசணம்! எனக்குப் பென்சிலின் ஆவாதுங்க. சின்ன வயசுல ஊசி போட்டு, தொண்டை வீங்கி, பொழைச்சதே பெருசு. பூசணத்துலருந்துதான் அந்த மருந்தையே எடுக்குறாங்கன்னு ஸ்கூல்ல படிச்சிருக்கேன்."

சட்டைப்பையிலிருந்து நைந்துபோன சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். 'பென்சிலின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

டாக்டர் பானுப்ரியா வந்து நாடி பார்த்தாள். பிரஷர் பார்த்தாள். தொண்டையில் டார்ச் அடித்தாள். முதுகில் தடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. பூசணத்துல எத்தனையோ வகை இருக்கு. பென்சிலின் சுரக்குறது அதுல சிலதுதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் இங்கியே இருங்க, பார்ப்போம். ஆனா இனிமே பூசணம் புடிச்சதைத் தொடாதீங்க. மேல சுரண்டிப் போட்டாலும் வேர் மாதிரி உள்ள ஓடியிருக்கும். பூசணம் புடிச்ச மல்லாட்டைக் கடலை ஈரலையே கெடுத்துடும், தெரியுமில்ல?"

டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள். பச்சைமுத்துவுக்கு உயிர் வந்தது. இருதயமேரிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"யாரு தம்பி இந்த ரொட்டியைக் குடுத்தது?"

"யாரும் குடுக்கலக்கா. அடுப்பாங்கரையில இருந்துச்சி. பசி. நானாத்தான் எடுத்துத் தின்னேன்."

"வீட்ல யாரும் இல்லையா?"

"இருந்திருந்தா நான் ஏன்க்கா அதுல கை வெக்கப்போறேன்?"

இருதயமேரிக்குச் சட்டென்று பொறி தட்டியது. புருஷனுக்கு எது எமன் என்று பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்? நல்ல துண்டுகளை மேலே அடுக்கி, பூசணத்தை அடியில் மறைத்து, அடுப்பங்கரையில் வைத்துவிட்டு எவளோ ஒருத்தி ஜம்பமாக அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியிருக்கிறாள்!

"இது போலீஸ் கேஸ்" என்றாள்.

பச்சைமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. "வேணாங்க்கா! போலீஸ் கீலீஸ்னு போனா பேஜாராயிடும். எனக்குத்தான் ஒண்ணும் ஆவலியே. நான் கெளம்புறேன்."

கொல்லப் பார்த்தவளைக்கூடக் காட்டிக்கொடுக்க மனசு வராத அந்த அப்பாவியைப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது. இன்றைக்கு விட்டால் அந்தப் பாதகி நாளைக்கு வேறு எதையாவது கலந்து வைப்பாள். இவன் உயிர் தப்பாது. கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

பத்தே நிமிஷத்தில் ஏட்டு கோகுலகிருஷ்ணன் வந்து நோட்டைப் பிரித்தார்.

"சம்சாரம் பேரு?"

"எனக்குக் கல்யாணமே ஆவலீங்க சார்!"

"பாத்தீங்களா சார்?" என்றாள் இருதயமேரி. "அவளைக் காப்பாத்தறதுக்குக் கல்யாணமே ஆகலைன்னு சாதிக்கிறாரு. இப்படிப்பட்ட மனுஷனைக் கொல்ல எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

ஏட்டு தலையைச் சொறிந்தார். "மிச்ச ரொட்டி எங்கப்பா?"

பச்சைமுத்துவின் பார்வை ஒரு நொடி பையின் மேல் விழுந்து மீண்டது. பாம்பு கடித்தால் பாம்பையும் அடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஊர் இது. டாக்டர் கேட்பார் என்று இவனும் ரொட்டியைக் கையோடு எடுத்து வந்திருக்கிறான்.

"ஐயோ, பையைத் தொடாதீங்கக்கா!"

அவன் இழுக்க, அவள் இழுக்க, கடைசியில் பை அவள் கைக்கு வந்தது. மேலாகவே இருந்தது டப்பா. எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு எவர்சில்வர் டப்பா.

"நீ சொல்லாட்டி போ, தம்பி. கல்யாணத்துக்கு வந்த பாத்திரமா இருந்தா மூடியில பேரு வெட்டியிருக்கும். அது சொல்லும் அவ யாருன்னு" என்றாள் இருதயமேரி வெற்றிப் புன்னகையோடு.

"அப்படிப் போடுங்க சிஸ்டர்!" என்றார் ஏட்டு. "உங்களை மாதிரி ரெண்டு பேரு எங்க ஸ்டேஷன்ல இருந்தா போதும்."

மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவள் உரக்கப் படித்தாள். "தாய்மாமன் தேவசகாயம் அன்பளிப்பு..."

குரல் அதோடு நின்றுவிட்டது. பச்சைமுத்து கதவைப் பார்த்தான்.

"பொண்ணு பேரு சிஸ்டர்?" பேனாவும் கையுமாகக் காத்திருந்தார் ஏட்டு.

பேக்கரிக்காரன் முகத்துக்கு நேரே நீட்டிச் சண்டை பிடிக்க வேண்டும் என்று நேற்று ராத்திரி ரொட்டியை அந்த டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டு, காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு டூட்டிக்கு வந்த இருதயமேரியின் பேர்தான் அதில் வெட்டியிருந்தது.