உருப்படாததா ஒண்ணு

"இது வேண்டாம்மா. மூஞ்சியே சரியில்ல" என்று நான்காவது ஆண்டிவைரஸையும் தள்ளிவிட்டார் ஆத்மநாதன்.

முதலாவது கம்ப்யூட்டரை மெதுவாக்கிவிடுமாம். இரண்டாவது விளம்பரமாகக் காட்டி உயிரை எடுக்குமாம். மூன்றாவது எந்த ஊர்க்காரன் செய்ததோ, நம்பி வீட்டுக்குள் விட முடியாதாம். ஆலங்குடியில் இருபது வருடமாக உரக்கடை நடத்தி, ஊர் வயலுக்கெல்லாம் பூச்சிமருந்து எடுத்துக் கொடுத்த மனிதருக்குத் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கிற மருந்தில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

மகள் இலக்கியா பொறுமையாக அடுத்ததைத் திரையில் காட்டினாள். அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. சேருவதற்கு முன் ஒரு வாரப் பயிற்சியை வீட்டிலிருந்தே முடிக்க வேண்டும். ஆண்டிவைரஸ் இல்லாத கம்ப்யூட்டரைக் கம்பெனி உள்ளே விடாது.

"காசா பணமா, ஃப்ரீதானப்பா. எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் நொட்டை சொல்றீங்க?"

எதுக்கு என்பது ஆத்மநாதனுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு முன், படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கிற பெண் கம்ப்யூட்டரில் யாரோடு என்ன பேசுகிறாளோ என்று அவருக்குப் பொறுப்பு பொங்கி வழிந்தது. பொறுப்புள்ள தகப்பன் அதைப் பெண்ணிடமே கேட்டுவிடுவானா என்ன? அவளும் அம்மாவும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஜஸ்டினைக் கூட்டிவந்து, வேவு பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்றை உள்ளே போட்டுவிட்டார். திரையில் ஓடுவதையெல்லாம் அது படம் பிடித்து அவருடைய செல்போனுக்கு அனுப்பும். நல்ல ஆண்டிவைரஸ் எதைப் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடும் என்று எச்சரித்த ஜஸ்டின், கம்ப்யூட்டரோடு வந்த காவலையும் அணைத்துவிட்டுத்தான் போனான்.

ஆக, உலகமே இருப்பதில் நல்ல ஆண்டிவைரஸ் எது என்று தேடிக்கொண்டிருக்க, ஆத்மநாதன் மட்டும் காலையிலேயே ஜஸ்டினுக்குப் போன் போட்டு வேறு மாதிரி கேட்டார். "உருப்படாததா ஒண்ணு சொல்லுப்பா. அது எதையும் கண்டுபிடிக்கக் கூடாது."

"அப்படிச் சொல்லி யாரும் குடுக்கிறதில்லண்ணே" என்றான் ஜஸ்டின்.

வேவு பார்த்த வகையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தோழிகளோடு அவள் அடித்த அரட்டையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததால், கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குத் தலை சுற்றியது. தக்காளி வாங்கிவரச் சொல்வதென்றால்கூட அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துதான். ஆனால் இரண்டாவது வாரத்தில் ஒரு டைரி எழுத ஆரம்பித்தாள். அது மட்டும் ஒற்றுப்பிழை இல்லாத அழகுத் தமிழ். எந்த மீடியத்தில் படித்தாலும் மனசு தமிழில்தான் பேசும் என்று ஆத்மநாதன் பூரித்துப் போனார்.

டைரியா அது! அப்பா டீக்கடையில் வடையாகத் தின்கிறார், சர்க்கரை ஏறினால் நான் என்ன செய்வேன் என்று ஒருநாள் எழுதியிருந்தாள். மறுநாளே வடையை விட்டார். பத்து ஏக்கர் முந்திரித் தோப்போடு வந்த கந்தர்வக்கோட்டை மாப்பிள்ளை, அப்பாவை ஒரு தடவைகூட மாமா என்று கூப்பிடவில்லை, இருந்தாலும் அப்பா சொன்னால் கழுத்தை நீட்டுவேன் என்று எழுதியிருந்தாள். ஆத்மநாதனே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சம்பந்தத்தை முறித்துவிட்டு வந்தார்.

கோயம்புத்தூர் வேலைக்கு அப்பா அனுப்பமாட்டார், பாவம், அவருக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று எழுதியிருந்த அன்று, யூரியா மூட்டையின்மேல் உட்கார்ந்து அழுதார். சாயங்காலமே ஹாஸ்டல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு என்று மனைவி சுகுணா வாயைப் பிளந்தாள்.

இப்படிப்பட்ட தங்கமான பெண்ணுக்கு, பெற்ற அப்பனே திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஆயுசுக்கும் அவள் முகத்தில் முழிக்க முடியாது.

"இதையே போட்டுர்றேன்ப்பா. இருக்கிறதுலயே இதுதான் நல்லதாம்" என்ற இலக்கியா, அவர் ஐந்தாவது நொட்டையைத் தேடி எடுப்பதற்குள் பட்டனை அழுத்திவிட்டாள்.

கரண்டாவது போகட்டும் என்று ஆத்மநாதன் வேண்டாத சாமி இல்லை. தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்து அசையாமல் நின்றது.

ஜஸ்டின் வாக்கு பொய்க்கவில்லை. சரியாக ஐந்தாவது நிமிடம் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நின்றது.

"யாரோ வேவு பாக்குற சாஃப்ட்வேர் போட்டிருக்காங்கப்பா" என்றாள் இலக்கியா. "மூணு மாசமா உள்ள இருக்கு."

ஆத்மநாதன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு வீட்டுத் தலைவருக்கு வரவேண்டிய கோபத்தை ஒருவழியாக வரவழைத்தார். "எந்தப் பய பாத்த வேலையோ தெரியல. மொதல்ல அதை அழிச்சு விடும்மா."

அவளும் அழித்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அழிச்சுட்டேன்ப்பா. இனிமே ஒங்களுக்காக டைரி எழுதுற வேலை எனக்கு மிச்சம்."