நிழலில் நின்றவர்

"நேற்று வரை என் நிழலில் நின்றவர், இன்று வெயிலைப் பற்றி எழுதுகிறார்."

தலைவர் இதைச் சொன்னதும் எழுந்த கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பத்திரிகை அலுவலகத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேனாக்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் குனிந்துகொண்டார்கள்.

பேனாக்காரர் என்பது கட்சியில் வைத்த பெயர். பதினெட்டு ஆண்டுகள் தலைவரின் மேடைப் பேச்செல்லாம் இவர் கொடுத்தனுப்பியதுதான். தேர்தலுக்காகத் தலைவர் பரம எதிரியோடு கைகோத்தபோது, மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று உதறிவிட்டு வந்தார். இப்போது இந்தப் பத்திரிகையில் வாராவாரம் ஒரு பத்தி.

தலைவர் தன்னைச் சாடியதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சாடிய வரி தன்னுடைய வரியாக இருந்ததுதான் நெஞ்சை அறுத்தது. அதே வெட்டு, அதே நிறுத்தம். யாரோ தன் நடையைக் களவாடித் தன்மேலேயே வீசியிருக்கிறான்.

"உங்க பத்தியிலயும் இந்த மாதிரி ஒரு வரி விழுந்தா நல்லாயிருக்கும் சார்" என்றார் ஆசிரியர் தணிந்த குரலில். மூன்று மாதமாக இதையேதான் அவர் வேறு வேறு விதமாகச் சொல்லி வருகிறார்.

பேனாக்காரர் மாடிப்படிக்குப் போய், தலைவரின் செயலாளரைப் போனில் பிடித்தார். புதிதாக யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டார்.

"புதுசா யாரையும் போடலண்ணே. எப்பவும் வர்ற இடத்துல இருந்துதான் வருது."

நக்கல் செய்கிறான் என்று போனை வைத்தார். வைத்த கையோடு பொறி தட்டியது. வீட்டு அலமாரியில் பழைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, மனைவி உட்கார்ந்து எழுதியவை. யாரோ வீட்டுக்கு வந்து அதில் கை வைத்திருக்கிறார்கள்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பஸ் பிடித்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். நோட்டுகள் அத்தனையும் தூசி கலையாமல் அடுக்கியபடி இருந்தன.

மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். அவர் கொட்டித் தீர்த்தார். ரத்தம் சுண்டச் சுண்ட உழைத்தவனைக் கூட இருந்தே குழி பறித்துவிட்டார்கள், இனி யாரை நம்புவது என்று புலம்பினார்.

"இந்த வீட்டுக்குள்ள இருந்துதான் போயிருக்கு. யாரை உள்ள விட்ட?"

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். பதினெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"யாரும் வரல. வேலைய விட்டது நீங்கதானே? நான் விடலையே."