பதினாலாம் நம்பர் புல்

மாரியாயி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்புக்குள் நாலு புல்கட்டு. ஒவ்வொன்றிலும் பாத்தி நம்பர் எழுதிய அட்டை வேறு.

"என்னம்மா இது? ஆராய்ச்சிப் புல்லத் திருடிட்டுப் போறியா?" பண்ணை வாசலிலேயே மறித்தார் டாக்டர் பிரிட்டோ.

திருவெறும்பூர் தாண்டி இருக்கும் அந்தப் புல் பண்ணையில் அவர் வைத்ததுதான் சட்டம். பாதித் தண்ணீரில் இரண்டு மடங்கு விளையும் தீவனப் புல்லை உருவாக்க மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். இருபது ரகம், இருபது பாத்தி. மாரியாயி அறுப்பாள், அவர் எடை போடுவார். எடை போட்ட புல் நேரே குப்பைக்குழிக்குப் போகும்.

"குழியில கொட்டுறதுதானே சார். வீட்ல மாடு நிக்குது, அதுக்குப் போடத்தான்."

"குழிக்குப் போனாலும் அது பண்ணைச் சொத்து. திருட்டு திருட்டுதான்."

பதினோரு வருஷ வேலை. அதை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறாள். உள்ளதைச் சொல்லிவிட்டால் மனுஷன் இரங்குவார் என்று நினைத்தாள், பாவம்.

"சார், நீங்க தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறீங்களே ஒன்பதாம் நம்பரு, அத மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. இலையெல்லாம் ஒரே சுணை, தொட்டாலே அரிக்குது. பதினாலாம் நம்பரு எடையில கொஞ்சம் கம்மிதான், ஆனா குடிக்கிறது அதே தண்ணி. அதப் போட்டா தரையவும் சேத்து நக்குது. நாலு மாசமா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்."

பிரிட்டோ கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். மூன்று வருஷமாகத் தண்ணீரை அளந்தார், புல்லை எடை போட்டார். தின்னப்போவது மாடு என்பது மட்டும் படித்த புத்திக்கு எட்டவில்லை.

நோட்டை எடுத்தார். ஒவ்வொரு நம்பராகக் கேட்டுக் கேட்டு எழுதினார். மாரியாயிக்குப் போன உயிர் திரும்பியது.

எழுதி முடித்து நோட்டை மூடினார். "சரி. நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேணாம்மா."

பத்தாம் நாள் மேலிடத்துக் குழு வந்தது. வேலையை விட்டு நிறுத்திய காகிதத்தில் கையெழுத்துப் போட அன்றைக்குத்தான் அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு நெற்றி நிறைய நாமத்தோடு வந்த குழுத் தலைவர், பதினாலாம் நம்பர் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிரமாதம் பிரிட்டோ. மாட்டுக்கே போட்டுப் பாத்திருக்கீங்க. இத்தனை நாள் இது யாருக்குமே தோணலையே. மாடு யாரோடது?"

ஆபீஸ் வாசலில் நின்ற மாரியாயியை பிரிட்டோ கவனிக்கவில்லை.

"என் சொந்த மாடுதான் சார். வீட்ல வச்சு நானே தினம் போட்டுப் பாத்தேன்."

மாரியாயி காகிதத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிதானமாகப் பக்கத்தில் வந்தாள்.

"அப்ப சரிங்க சார். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பால் கறக்க வந்துடுங்க. பாத்துங்க, தெரியாத ஆளுன்னா உதைக்கும்."