ஐம்பத்திரண்டு வயதில் கொலுசு

ஐம்பத்திரண்டு வயதில் தங்கபுஷ்பம் முத்துக் கொலுசு போட்டுக்கொண்டு நடப்பது தெருவுக்குப் பெரிய வேடிக்கை. "புதுப்பொண்ணு வாரா, வழி விடுங்கட்டி" என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். பட்டாளத்தில் சண்டைக்குப் போய்த் திரும்பிய புருஷன் சுயம்புலிங்கத்தின் பின்னால் ஒருமுறை சத்தமில்லாமல் போய்க் காப்பி நீட்டினாள். திரும்பிய வேகத்தில் அவள் மணிக்கட்டை ஒடித்துவிட்டார். பிறகு அவரே அழுதுகொண்டு கட்டும் போட்டார். அன்றிலிருந்து கொலுசு. அது கேட்டால், தான் போர்க்களத்தில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

சுதந்திர தினத்தன்று அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று ஊர்ச் சங்கத் தலைவர் வந்து நின்றார். "வெடி மட்டும் வேண்டாம்ண்ணே" என்று மூன்று தரம் சொன்னாள். "அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சுயம்புலிங்கத்துக்கு வெடி போடக்கூடாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் மேடைக்கு வரும்போது அவருக்காகப் போடுவது வேறு கணக்கு.

பத்தாயிரம் வாலா ஓய்ந்தபோது மேடையில் சுயம்புலிங்கத்தின் நாற்காலி காலியாக இருந்தது. விரித்த பொன்னாடையோடு நின்ற தலைவர், புகைப்படத்துக்காகச் சிரித்த சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார். மேசை விரிப்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் மேடையேறி, வீட்டில் செய்வதுபோலவே காலைத் தட்டித் தட்டி நடந்தாள். "நான்தாங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்." ஒலிபெருக்கி வழியாகக் கொலுசு ஊர் முழுக்கக் கேட்டது.

விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து, அந்த முத்துகளை இறுகப் பொத்தியது.

"அசையாத புஷ்பம்" என்றது கிசுகிசுப்பான குரல். "சத்தம் கேட்டா உன்னையும் சுட்டுருவானுவ."